புறவாசல் மேடையை நகர்த்தியபோது

எங்கள் வீட்டுப் புறவாசலில் ஒரு மேடை இருக்கிறது. சிமெண்ட் மேடை இல்லை. இரும்பு ஆங்கிளில் கால் அடித்து மேலே பலகை பரப்பியது. சுவரோடு ஒட்டாமல், தரையில் பதிக்காமல், தன் பாட்டுக்கு நிற்கும். சங்கரன்கோவிலில் வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "ஏன் டீச்சர், ரெண்டு படி கெட்டிப் போட்டிருக்கக் கூடாதா?"

கட்ட முடியாது. தெருவில் ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுக்கொண்டு போனதில் எங்கள் வீடு தெருவைவிடத் தாழ்ந்துபோனது. ஒரு ஐப்பசியில் கூடத்துக்குள் தண்ணீர் வந்த பிறகு என் வீட்டுக்காரர் தரையை உயர்த்தினார். வீடு உயர்ந்தது, புறவாசல் பழைய மட்டத்திலேயே கிடந்தது. அடுப்படிக் கதவைத் திறந்தால் இடுப்பளவு பள்ளம். படி கட்டலாம் என்றால் கதவுக்கு நேர் கீழே செப்டிக் டேங்க் மூடி. அதன் மேல் கட்டிவிட்டு, டேங்க் நிரம்பும்போது லாரிக்காரனிடம் என்ன சொல்வது? ஆகவே வேண்டும்போது எடுத்து ஓரமாக வைக்கிற மாதிரி இந்த மேடையை அவர் செய்யச் சொன்னார். ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தவர். எதையும் கழற்றி மாட்டுகிற மாதிரி வைத்துக்கொள்வதில் அவருக்கு ஒரு திருப்தி. ஆனால் செய்து போட்டபின் அதை ஒரு தடவைகூட யாரும் நகர்த்தவில்லை. டேங்க் நிரம்புகிற அளவுக்கு வீட்டில் ஆளில்லை. நாங்கள் இரண்டு பேர்தான், பிள்ளை இல்லை. இப்போது அவரும் இல்லை.

நான் திருவேங்கடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். டவுன் பஸ்ஸில் போய் டவுன் பஸ்ஸில் வந்து, நாள் முழுக்கக் கத்திவிட்டு வீட்டுக்கு வரும்போது தொண்டை கட்டியிருக்கும். அவர் ஏதாவது கேட்டால் கையை மட்டும் ஆட்டுவேன். அப்போதெல்லாம் யாரும் என்னோடு பேசாமல் இருந்தால் போதும் என்று இருந்தது. கேட்டது இப்போது கிடைத்திருக்கிறது, போதும் போதும் என்கிற அளவுக்கு.

இந்த மேடையின் ஒரு முனை பக்கத்து வீட்டு மதில் வரைக்கும் போகும். தரையில் நின்றால் மதில் என் தலைக்கு மேலே இருக்கும். மேடையில் நின்றால் கழுத்துக்கு. அந்தப் பக்கம் அவர்கள் வீட்டுத் துவைக்கிற கல். காலையில் நான் கடுங்காபித் தம்ளரோடு மேடைக்கு வரும் நேரத்துக்கு அந்த வீட்டுக்காரி வாளியோடு கல்லுக்கு வருவாள். அவளுடைய வீட்டுக்காரர் பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறார். இருட்டோடு கடைக்குப் போய்விடுகிறவர். அவர் போனபின் அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு. துணியை அடித்துக்கொண்டே பேசுவாள். பிச்சிப்பூ விலை, மாமியாருடைய முழங்கால், நகராட்சித் தண்ணீர் வந்தது, வராதது, நேற்று வைத்த புளிக்குழம்பில் புளி தூக்கலாகிப்போனது. நான் கேட்பேன். நடுவில் ஏதாவது சுருக்கென்று சொல்வேன். அவள் சிரிப்பாள். "டீச்சரக்கா, உங்க வாய்க்குப் பயந்துதான் எமனே இந்தத் தெருப்பக்கம் வர மாட்டேங்கான்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரர் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்பது நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவளிடம் எனக்குக் கோபம் வராது. ஒரு நாளில் நான் இன்னொரு மனுஷியோடு உட்கார்ந்தோ நின்றோ பேசுவது அந்த மதிலில் மட்டும்தான். அது போய்விட்டால் பால்காரரிடம் சொல்லும் "இன்னைக்கு அரை லிட்டர் போதும்" தவிர என் வாயிலிருந்து வேறு சொல் வராது.

முன்பெல்லாம் சாயங்காலம் மதில் மேல் எனக்கு ஒரு முழம் பூ வைப்பாள். அவர் போனபின்னும் வைக்கிறாள். இப்போது, "படத்துக்குப் போடுங்க" என்று சொல்லி வைக்கிறாள்.

ஆடி முடியப்போகிற சமயம். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டமெல்லாம் ஊரைவிட்டுப் போய், தெருவில் குப்பை மட்டும் மிச்சம் இருந்தது. ஒரு காலையில் தம்ளரோடு மேடைக்கு வந்து கால் வைத்தேன், பலகை என்னை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. முழங்கால் வரைக்கும் போய்விட்டது. காபி மதிலில். நல்லவேளை, எலும்புக்கு ஒன்றுமில்லை. காலை வெளியே இழுத்துப் பார்த்தால் பலகைக்குள் மரமே இல்லை. மேலே பெயிண்ட், கீழே மண். கரையான் தின்று முடித்திருந்தது. இவ்வளவு காலம் நான் பெயிண்டின் மேல்தான் நின்றுகொண்டிருந்தேன் போலிருக்கிறது.

ஆசாரி வந்து குனிந்து பார்த்தார். "பலகை பூராம் போச்சு டீச்சர். காலு நல்லா இருக்கு. செவுத்துலயும் ஏறியிருக்கு, மருந்து அடிக்கணும்லா. இத இங்கன வச்சிக்கிட்டு ஒண்ணும் செய்ய முடியாது. அந்தா, முருங்கை மூட்டுல கொண்டு போட்டுருவோம்."

தெருவில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தூக்கினால் வரவில்லை. மழைக்கு மழை கால்கள் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. கடப்பாறையைக் கொடுத்து நெம்பினார்கள். ஒரு கால் வெளியே வந்தால் மறுகால் இன்னும் ஆழமாக இறங்கியது. ஆசாரி ஒரு பக்கம் இழுக்க, மற்ற இரண்டு பேரும் எதிர்ப் பக்கம் இழுக்க, நான் அடுப்படிக் கதவில் நின்றுகொண்டு பள்ளிக்கூடத்தில் போடுகிற சத்தத்தைப் போட்டேன். "எல்லாரும் ஒரே பக்கமா இழுக்க மாட்டியளா?" என்று. அதன் பிறகுதான் வந்தது. தரையில் தடம் போட்டுக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் சாய்ந்து நின்றது. அது இருந்த இடத்தில் துணிக்கு மாட்டுகிற கிளிப்புகளும், குக்கர் வெயிட் ஒன்றும், சுவர் நெடுகக் கரையான் மண்ணும்.

புற்று மண்ணைப் பிரசாதமாக வாங்கி நெற்றியில் பூசுகிற ஊர். ஆசாரி அந்தக் கரையான் மண்ணைத் தட்டுவதற்கு முன் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் மருந்தை மிச்சமில்லாமல் அடித்தார்.

"எப்பம் முடியும்?" என்று கேட்டேன்.

"ஆவணி முகூர்த்த வேலை கெடக்கு டீச்சர். உங்க பக்கத்து வீட்டுப் புள்ளைக்குத்தான் கட்டில் செய்யுதேன். அத முடிச்சிட்டு ஓடியாறேன்."

பக்கத்து வீட்டில் பெரியவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ராயகிரிப் பக்கம். அந்தப் பெண்ணுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கை நான்தான் இந்த மேடையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். நிச்சயமான நாளிலிருந்து மதிலில் அந்தப் பேச்சுதான். எந்தக் கடையில் பட்டு, எந்த மண்டபம், சமையலுக்கு யார். ஆகவே அவர்கள் வீட்டுக் கட்டிலுக்காக என் மேடை காத்துக்கிடப்பதில் எனக்குக் குறையில்லை. காத்துக்கிடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்தது.

மறுநாள் காலையில் அடுப்படிக் கதவைத் திறந்தேன். கீழே பள்ளம். கதவில் நின்று தலையை நீட்டினால் அவர்கள் வீட்டுத் தென்னையின் தலை மட்டும் தெரிந்தது. துணி அடிக்கிற சத்தம் கேட்டது. இப்போது கேட்பாள் என்று நின்றேன். "டீச்சரக்காளக் காணமே" என்று ஒரு வார்த்தை. கேட்கவில்லை. வேலை இருக்கும், கல்யாண வீடு அல்லவா என்று நினைத்துக்கொண்டேன். காபி ஆறிப்போனது.

அதற்கடுத்த நாள் நான் இருமினேன். வராத இருமல். பிறகு ஒரு பாத்திரத்தைத் தேவையில்லாமல் கீழே போட்டேன். துணி அடிப்பது ஒரு கணம் நின்று மறுபடி தொடர்ந்தது. முன்வாசல் வழியாக, சந்துக்குள் நுழைந்து, புறவாசலுக்குச் சுற்றிக்கொண்டு போய் மதிலடியில் நின்று, "ஏம்மா, தண்ணி வந்துட்டா?" என்று குரல் கொடுத்தேன்.

"வந்துட்டுக்கா" என்றது மதில்.

அவ்வளவுதான். தண்ணீரைப் பற்றி அரை மணி நேரம் பேசக்கூடியவள். நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். யோசித்தது மட்டுமில்லை, ஏறியும் பார்த்தேன். கொடியும், கொடியில் மாமியாருடைய வெள்ளைச் சேலையும் தெரிந்தன. வாளி ஒரு மாதிரி நெளிந்தது. இந்த வயதில் மதிலை எட்டிப் பார்க்க வாளியில் ஏறி விழுந்து கிடந்தேன் என்று ஊருக்குத் தெரிந்தால் திருவேங்கடம் வரைக்கும் சிரிப்பார்கள். இறங்கிவிட்டேன்.

முன்வாசல் வழியாகப் போய் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம். அதுதானே வழி என்று யாருக்கும் தோன்றும். எனக்கு அது முடியவில்லை. மதிலில் பேசுவது வேறு. அது எதற்காகவும் வந்து பேசுவதில்லை; இரண்டு பேரும் தற்செயலாக அங்கே இருக்கிறோம், அவ்வளவுதான். கதவைத் தட்டினால், "என்னக்கா, என்ன வேணும்?" என்பாள். பேச்சு வேண்டும் என்று எப்படிச் சொல்வது? என்னை அவளே தேட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. வீட்டுக்குள் உட்கார்ந்து டிவியைப் போட்டேன். அதில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். வகுப்பாக இருந்தால் எல்லாரையும் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

அந்த நாட்கள் எனக்குப் பிடிக்கவில்லை. தனியாக இருக்கிறேன் என்பது தெரிந்த விஷயம்தான். ஆனால் ஒரு நாளின் ஒரு மூலையில் ஒருத்தி நம்மை எதிர்பார்க்கிறாள் என்று இருந்தால் மற்ற மூலைகளைச் சமாளித்துவிடலாம். அவள் எதிர்பார்க்கவில்லையோ என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை வருஷமும் அவள் பாட்டுக்குத் துவைத்துக்கொண்டிருக்க, நான்தான் மதிலில் தொங்கிக்கொண்டிருந்தேனோ?

ஒரு சாயங்காலம் வாசலில் பைக் சத்தம். அவளும் அவள் வீட்டுக்காரரும். கையில் தட்டு, பத்திரிகை. பட்டுச் சேலை கட்டியிருந்தாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஃபேனைப் போட்டு, நாற்காலியைத் தட்டி, தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அவர் கும்பிட்டுவிட்டு, இன்னும் பனவடலிசத்திரம் வரைக்கும் பத்திரிகை வைக்கப் போக வேண்டும் என்று வாசல்பக்கமே நின்றுகொண்டார். அவள் தட்டை நீட்டினாள். சந்தனம் எடுத்துக்கொண்டேன். குங்குமச்சிமிழ் மூடியபடி இருந்தது. அது வழக்கம்தான், எனக்குத் தெரியாததில்லை.

"கட்டாயம் வந்துரணும் டீச்சரக்கா. முகூர்த்த நேரம் ஒரே நெரிசலா கெடக்கும். நீங்க நெதானமா சாப்பாட்டுக்கு வாங்க. பந்தியில நானே ஒக்கார வைக்கேன்."

"வாரேன்மா" என்றேன். பிறகு, மனசில் இருந்தது வந்துவிட்டது. "ஆளையே காணமே உன்னை. மேடை போன பெறகு நம்ம பேச்சே நின்னு போச்சு."

அவள் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"அதச் சொல்லத்தான்க்கா எனக்கு வாய் வராம இருந்துச்சு. நானே எப்படிச் சொல்லன்னு மருகிக்கிட்டுக் கெடந்தேன். விடிஞ்சதும் புள்ள பல்லு தேய்க்கப் பொறவாசலுக்குத்தான வாரா. எங்க மாமியா தெனமும் அரிச்சாவ, நீ போயி டீச்சர்ட்ட சொல்லு, சொல்லுன்னு. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்லுவேன்? நீங்களா புரிஞ்சிக்கிட்டு, மேடையவே எடுத்து முருங்கை மூட்டுல போட்டுட்டிய. எங்க மாமியா உங்க வீட்டுப் பக்கம் பாத்துக் கும்பிட்டாவ. இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்னு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கல்யாணப் பெண் விடிந்ததும் முதலில் பார்க்கிற முகம் என் முகமாக இருக்கக் கூடாது. நான் தாலி அறுத்தவள். அதை நானே உணர்ந்து ஒதுங்கிக்கொண்டேன் என்று அந்த வீட்டில் எனக்கு நல்ல பெயர்.

பலகை செல்லரித்துவிட்டது என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் இன்னும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் அந்தக் கையை எடுத்துவிடுவாள். கூனிக்குறுகிப் போவாள், அப்புறம் மதில்பக்கமே வர மாட்டாள். இப்படியெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் கணக்குப் போட்டேன்.

"சரிம்மா. கல்யாணம் நல்லா நடக்கட்டும்" என்றேன்.

அவர்கள் போனபின் கண்ணாடியில் போய் முகத்தைப் பார்த்தேன். சும்மா பார்த்தேன். எப்போதும் உள்ள முகம்தான். அந்தப் பெண் கணக்கு வராமல் அழுதபோது கண்ணைத் துடைத்துவிட்ட கையும் எப்போதும் உள்ள கைதான். அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை, அதை அடக்குவது கஷ்டம்.

கல்யாணத்துக்கு முன்னாலேயே ஆசாரி வந்துவிட்டார். புதுப் பலகை அடித்து, கால்களுக்கு ரெட் ஆக்சைடு பூசி, மேடை புதிதாக நின்றது. "ஆளக் கூட்டியாறேன் டீச்சர், எடத்துல தூக்கிப் போட்டுருவோம்."

"கல்யாணம் முடியட்டும்" என்றேன்.

"அவிய கல்யாணத்துக்கும் இதுக்கும் என்ன டீச்சர்? பொறவாசல்ல எறங்க வழியில்லாமக் கெடக்கியளே."

"முடியட்டும்னு சொல்லுதேம்லா" என்று ஒரு அதட்டல் போட்டேன். அவர் போய்விட்டார். செய்யாத காரியத்துக்குக் கிடைத்த நல்ல பெயரை இப்போது செய்து காட்டுகிறேன் என்று எனக்கே என்மேல் எரிச்சல்.

சாப்பாட்டுக்குப் போனேன். சொன்ன நேரத்துக்குப் போனேன். அவள் சொன்னபடியே கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பந்தியில் உட்காரவைத்து, அப்பளம் கூடுதலாக வைக்கச் சொல்லிவிட்டு ஓடினாள். பந்திக் கதவு வழியாகப் பார்த்தால் பெண்ணும் மாப்பிள்ளையும் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். வரிசை நீளமாக இருந்தது. நான் அதில் போய் நிற்கவில்லை. அவியல் மிக நன்றாக இருந்தது. அதைச் சொல்லக்கூட ஆளில்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

மறுவீடு, விருந்து எல்லாம் ஓய்ந்தபின் ஆசாரியும் ஆட்களும் வந்து மேடையைப் பழைய இடத்தில் போட்டார்கள். மண்ணுக்குள் இறங்காமல் இருக்கக் காலுக்கு ஒரு கல் கொடுத்தார்கள். மறுநாள் காலை காபித் தம்ளரோடு கதவைத் திறந்து காலை வைத்தேன். பலகை ஆடவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் குனிந்து சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்து பார்த்தவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வந்துட்டியளா டீச்சரக்கா! பேச ஆளில்லாம எனக்குக் கிறுக்கே புடிச்சிரும் போல இருந்துச்சு."

பொய் இல்லை. அவளுக்கும் அந்தப் பேச்சு வேண்டியிருந்திருக்கிறது. அன்று கொட்டித் தீர்த்தாள். சம்பந்தியம்மாள் தட்டில் வைத்த பழத்தை எண்ணிப் பார்த்தது, சமையல்காரர் பாயசத்தில் தண்ணீர் விட்டது, ராயகிரிக்கு வண்டி ஏறும்போது பெண் அழாமல் இவளுடைய மாமியார் அழுதது. நானும் பழையபடி நடுவில் ஒன்று சொன்னேன். சோப்புக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காபி ஆறவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மனசு லேசாக இருந்தது.

"சின்னவளுக்கும் பாத்துக்கிட்டு இருக்கோம்க்கா" என்றாள், சேலையைப் பிழிந்துகொண்டே. "ஒரு எடம் தெகைஞ்ச மாதிரி இருக்கு. தையில முடிச்சிரணும்."

"நல்லதும்மா."

அவள் மதிலுக்கு மேலாக நான் நிற்கிற மேடைப் பக்கம் பார்த்தாள். எதையோ யோசித்தாள். பிறகு அவளுக்கு நல்ல யோசனை ஒன்று வந்த மாதிரி முகம் மலர்ந்தது.

"ஒண்ணு செய்யுங்களேன் டீச்சரக்கா. ஆசாரிட்டச் சொல்லி இதுக்கு நாலு சக்கரம் வச்சிருங்க. அடுத்தவாட்டி ஒத்தையில நீங்களே தள்ளிக்கிடலாம்லா. பாவம், ஒவ்வொரு வாட்டியும் ஆளத் தேடிக்கிட்டு அலையணும்."

என் சிரமத்தைத்தான் அவள் நினைத்தாள். முகத்தில் ஒரு சூதும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். இன்னொரு "சரிம்மா" சொன்னால் போதும், இந்தப் பேச்சு தை மாதம் வரைக்கும் ஓடும். அதற்கப்புறமும் ஓடும். எனக்கு அந்தப் பேச்சு வேண்டியிருந்தது. ரொம்ப வேண்டியிருந்தது.

"நான் உனக்காக நகட்டலம்மா" என்றேன். "பலகையக் கரையான் தின்னுட்டு. அதான் எடுத்தேன். தின்னாம இருந்திருந்தா உன் பொண்ணு கல்யாணத்தன்னைக்கும் இங்கனதான் நின்னிருப்பேன். தையிலயும் இங்கனதான் நிப்பேன்."

அவள் கோபப்படவில்லை. "அப்படியாக்கா" என்றாள். ஏற்கெனவே பிழிந்துவிட்ட சேலையை மறுபடியும் பிழிந்தாள். அதிலிருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை.

"அடுப்புல பால் வச்சிட்டு வந்தேன்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே பால்காரர்தான். அவர் அன்று இன்னும் தெருவுக்குள் வரவில்லை.